மாத்திரை மாறிய ஒரு காலை: முதியோர் பராமரிப்பு இல்லம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

இரண்டு மாடிகளில் நாற்பதுக்கும் மேற்பட்ட முதியோர் தங்கியிருக்கும் பராமரிப்பு இல்லம் அது. பகலில் மாடிக்கு ஒரு செவிலியரும் மூன்று பராமரிப்பாளர்களும் பணியில் இருப்பார்கள். இரவு எட்டு மணியிலிருந்து காலை எட்டு மணிவரை கட்டடம் முழுவதற்கும் ஒரே செவிலியர்தான். மருத்துவர் வாரம் இருமுறை வருவார். மற்ற நேரங்களில் தொலைபேசியில் ஆலோசனை சொல்வார்.

நிகழ்வுக்குப் பிறகு நடந்த விசாரணையில் வெளியிலிருந்து அழைக்கப்பட்ட மருந்தாளுநராக நான் பங்கேற்றேன். இல்லத்தின் பதிவேடுகள், மருத்துவமனைக் குறிப்புகள், ஊழியர்களும் குடும்பத்தினரும் சொன்னவை ஆகியவற்றைக் கொண்டு இதை எழுதுகிறேன். அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கியிருக்கிறேன்.

இதில் இரண்டு பெண்மணிகள் வருகிறார்கள். இருவருக்கும் ஒரே பெயர். இருவரும் முதல் மாடியில் அடுத்தடுத்த அறைகளில் இருந்தார்கள். 81 வயதைக் கடந்தவரை மூத்தவர் என்றும், 76 வயதுக்காரரை இளையவர் என்றும் குறிப்பிடுகிறேன்.

மூத்தவர் இல்லத்துக்கு வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. அவருக்கு மறதி நோய் உண்டு. ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபினும் மெட்டோபிரோலாலும், மறதிக்கு டோனெபெசிலும் எடுத்துவந்தார். எடை 44 கிலோ. சிறுநீரகச் செயல்திறனைக் காட்டும் இ.ஜி.எஃப்.ஆர். அளவு 38, அதாவது ஓரளவு குறைந்த நிலை. சர்க்கரை நோய் கிடையாது.

இளையவருக்குப் பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். காலையில் சர்க்கரைக்குக் கிளிபென்கிளமைடு 5 மி.கி., மெட்ஃபார்மின் 500 மி.கி., ரத்த அழுத்தத்துக்கு லோசார்டான் 50 மி.கி. ஆகிய மூன்று மாத்திரைகள் அவருக்கு உண்டு. நினைவு தெளிவாக இருப்பவர்; எந்த நேரத்தில் எந்த மாத்திரை என்று அவருக்கே தெரியும்.

அன்று காலை

இரவுப் பணியில் இருந்த செவிலியர், அந்த இல்லத்தின் வழக்கப்படி, விடியற்காலை நான்கு மணி வாக்கில் காலை மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்துச் சிறு கிண்ணங்களில் போட்டு வைத்தார். ஒவ்வொரு கிண்ணத்தின் மூடியிலும் பெயர் மட்டும் எழுதப்பட்டிருக்கும். அறை எண்ணோ பிறந்த தேதியோ இருக்காது. மருந்து அட்டவணைகள் செவிலியர் மேசையிலேயே இருக்கும். மாத்திரை கொடுத்து முடித்துவிட்டு வந்து எல்லாவற்றிலும் மொத்தமாகக் கையெழுத்திடுவதுதான் பழக்கம்.

ஏழரை மணிக்கு அவர் மருந்து வண்டியுடன் முதல் மாடிக்கு வந்தார். பன்னிரண்டு மணி நேரப் பணியின் கடைசி அரைமணி அது. வழியில் ஒரு முதியவரின் மகனிடமிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. பேசிக்கொண்டிருக்கும்போதே, குளியலறையில் ஒருவர் தடுமாறுகிறார் என்று பராமரிப்பாளர் கூப்பிட்டார். அதைப் பார்த்துவிட்டு வந்து வண்டியைத் தள்ளியபோது, இளையவரின் அறையில், சன்னலோரம் அவர் வழக்கமாக உட்காரும் நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அது மூத்தவர். அறை மாறி வந்து உட்கார்ந்திருந்தார். இளையவரைக் குளிக்க அழைத்துப் போயிருந்தார்கள்.

செவிலியர் பெயரைச் சொல்லி, "நீங்கதானேம்மா?" என்று கேட்டார். மூத்தவர் தலையாட்டினார். அது அவருடைய பெயரும்தான். 7.35-க்கு மூன்று மாத்திரைகளையும் தண்ணீருடன் விழுங்கினார்.

சுமார் பதினைந்து நிமிடம் கழித்து இளையவர் குளித்துவிட்டு வந்து, "சிஸ்டர், என் மாத்திரையைக் காணோமே?" என்று கேட்டார். அந்தக் கேள்வியால்தான் விஷயம் வெளியே வந்தது. இளையவருக்கும் நினைவு மங்கியிருந்தால் அன்று மதியம்வரை யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது.

முதல் ஒரு மணி நேரம்

செவிலியர் அப்போதுதான் பணிக்கு வந்திருந்த மேற்பார்வையாளரிடம் ஓடிப்போய்ச் சொன்னார். "ஒரே ஒரு சுகர் மாத்திரைதானே, இனிப்பா ஏதாவது கொடுத்துப் பார்த்துக்கலாம்" என்பது மேற்பார்வையாளரின் முதல் பதில். "இல்லக்கா, இவங்களுக்குச் சுகரே கிடையாது. கிட்னியும் சரியில்ல. நான் டாக்டரைக் கூப்பிட்டுடறேன்" என்று செவிலியர் சொன்னார். இந்த உரையாடலை இருவருமே விசாரணையில் அப்படியே ஒப்புக்கொண்டார்கள்.

7.55-க்கு மூத்தவரின் விரலில் குத்திப் பார்த்ததில் சர்க்கரை 108. மருத்துவர் தொலைபேசியில் எடுத்த முடிவுகள் வரிசையாக இவை.

வாந்தி எடுக்கவைக்க வேண்டாம். மறதி நோய் உள்ளவருக்கு வாந்தி மூச்சுக்குழாயில் இறங்கும் ஆபத்து, மாத்திரையின் ஆபத்தைவிடப் பெரிது. அதே காரணத்தால், மருந்தை உறிஞ்சும் கரித்தூளையும் கொடுக்க வேண்டாம் என்றார். உடனே காலை உணவு கொடுத்து, சர்க்கரை கலந்த பாலும் கொடுக்க வேண்டும். அரைமணிக்கு ஒருமுறை சர்க்கரை பார்க்க வேண்டும். அவருடைய சொந்த ரத்த அழுத்த மாத்திரைகளை இப்போதைக்கு நிறுத்திவைக்க வேண்டும். ஏற்கெனவே லோசார்டான் உள்ளே போயிருக்கிறது. கடைசியாக, சர்க்கரை அளவு இப்போது நன்றாக இருந்தாலும் மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும்.

கடைசி முடிவுக்குத்தான் எதிர்ப்பு இருந்தது. 8.30-க்கு அளவு 131 என்று வந்ததும், "நல்லாத்தானே இருக்காங்க, எதுக்கு அலைக்கழிக்கணும்?" என்று மேற்பார்வையாளர் மீண்டும் கேட்டார். அந்தக் கேள்வி இயல்பானது, ஆனால் ஆபத்தானது. கிளிபென்கிளமைடு கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கவைக்கும் மருந்து. அதன் வேலை 24 மணி நேரம்வரை நீடிக்கும். உடலில் அது சிதைந்து உண்டாகும் பொருள்களுக்கும் சர்க்கரையைக் குறைக்கும் தன்மை உண்டு. அவை சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேற வேண்டும். சிறுநீரகம் தளர்ந்தவருக்கு, அதிலும் சர்க்கரை நோயே இல்லாதவருக்கு, காலையில் சரியாக இருக்கும் அளவு மதியமோ நள்ளிரவோ சரியலாம். அந்த நள்ளிரவில் இல்லத்தில் இருப்பது ஒரே ஒரு செவிலியர். மருத்துவர் இதைச் சொன்னதும் எதிர்ப்பு நின்றது. 9.10-க்கு ஆம்புலன்ஸ் கிளம்பியது. நோயாளி விழுங்கிய மூன்று மருந்துகளின் பெயர், அளவு, நேரம் ஆகியவற்றையும், அவருடைய வழக்கமான மருந்துகளையும் ஒரே தாளில் எழுதிச் செவிலியர் கையோடு அனுப்பினார். அந்தத் தாள் இருந்ததால் எங்களுக்கு நேரம் மிச்சமானது என்று மருத்துவமனைக் குழு பிறகு சொன்னது.

மருத்துவமனையில்

10 மணிக்கு 97. 11.15-க்கு வழக்கமான சுற்றில் வந்த செவிலியர், நோயாளி முன்பைவிட மந்தமாக இருப்பதையும் நெற்றி வேர்த்திருப்பதையும் கவனித்தார். சர்க்கரை 58. கை நடுக்கமோ படபடப்போ இல்லை. இவர் தினமும் எடுக்கும் மெட்டோபிரோலால் அந்த இரண்டு அறிகுறிகளையும் அமுக்கிவிடும். வேர்வையை மட்டும் அமுக்காது. மறதி நோயாளி பேசாமல் ஒடுங்கிக் கிடந்தால் தூங்குகிறார் என்றே பார்ப்பவருக்குத் தோன்றும். இல்லத்திலேயே வைத்திருந்தால் இந்த 58 கண்ணில் பட்டிருக்குமா என்பது விசாரணையில் எல்லோரையும் வாட்டிய கேள்வி.

நரம்பு வழியாக 25 கிராம் குளுக்கோஸ் கொடுத்ததும் அளவு 172-க்கு ஏறியது. ஒன்றரை மணி நேரத்துக்குள் மறுபடி 56-க்கு இறங்கியது. இந்த வகை மாத்திரையில் இது எதிர்பார்க்க வேண்டியதுதான். ஏற்றும் குளுக்கோஸே, ஏற்கெனவே தூண்டப்பட்டிருக்கும் கணையத்தை மேலும் சுரக்கவைக்கும். எனவே இன்சுலின் சுரப்பைத் தடுக்கும் ஆக்ட்ரியோடைடு ஊசி, 50 மைக்ரோகிராம் வீதம், ஆறு மணி நேர இடைவெளியில் மூன்று முறை போடப்பட்டது. கூடவே 10 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் என்ற குளுக்கோஸ் கரைசல் மெதுவாக ஏறிக்கொண்டிருந்தது. அதன் பிறகு அளவு 70-க்குக் கீழே இறங்கவில்லை. மறுநாள் காலை ட்ரிப் நிறுத்தப்பட்டது. மேலும் ஒரு நாள் வைத்துப் பார்த்துவிட்டு மூன்றாம் நாள் அனுப்பினார்கள்.

குடும்பத்திடம் சொன்னது

மகளுக்கு 8.20-க்கே அழைப்பு போனது. அழைத்தவர் மேற்பார்வையாளர். "லேசா உடம்பு சரியில்லை, ஆஸ்பத்திரிக்கு அனுப்புறோம்" என்று ஆரம்பித்திருக்கிறார். அருகில் நின்ற செவிலியர் தொலைபேசியைக் கேட்டு வாங்கி, நடந்ததை நடந்தபடி சொன்னார்: வேறொருவரின் சர்க்கரை மாத்திரையைத் தவறாகக் கொடுத்துவிட்டோம், இப்போது அளவு சரியாக இருக்கிறது, ஆனால் பின்னால் இறங்கக்கூடும், அதனால் அனுப்புகிறோம்.

மகளின் கோபம் கடுமையாகவே இருந்தது. என்றாலும் விசாரணைக்கு வந்தபோது அவர் சொன்னது இது: "கொடுத்தது தப்புதான். ஆனா அம்மாவுக்கு என்ன கொடுத்தாங்கன்னு எனக்கு முதல் நாளே தெரிஞ்சுது. தெரியாம இருந்திருந்தா நான் அந்த வாசப்படியை மறுபடி மிதிச்சிருக்க மாட்டேன்." அவர் கேட்டது இரண்டுதான். ஏன் நடந்தது என்று எழுத்தில் வேண்டும். வரும்போதெல்லாம் அம்மாவின் மருந்து அட்டவணையைப் பார்க்க அனுமதி வேண்டும். இரண்டும் கொடுக்கப்பட்டன.

இளையவரிடம் கண்டது

மருத்துவர் தொலைபேசியை வைக்கும் முன், இளையவருக்கு அவருடைய மாத்திரைகளைக் கொடுக்கலாமா என்று செவிலியர் கேட்டார். முதலில் சர்க்கரை பாருங்கள் என்று பதில் வந்தது. வெறும் வயிற்றில் 68.

இந்த வழக்கில் நான் அதிகம் யோசித்த இடம் இதுதான். அன்று காலை எல்லாம் சரியாக நடந்திருந்தால், 68-இல் இருந்த ஒருவருக்குச் சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரை சரியான நேரத்தில், சரியான அளவில், சரியான கையில் போய்ச் சேர்ந்திருக்கும். யாரும் அதைத் தவறு என்று எழுதியிருக்க மாட்டார்கள்.

பராமரிப்பாளர்களின் தினக் குறிப்பேட்டைப் புரட்டியபோது, முந்தைய இரண்டு மாதங்களில் இளையவரைப் பற்றிச் சில இடங்களில் "காலையில் வேர்த்திருந்தார்", "சோர்வு, சாப்பிட்ட பின் சரியானது" என்று எழுதியிருந்தது. அந்தக் குறிப்பேட்டை மருத்துவர் பார்ப்பதில்லை. பார்க்கும் ஏற்பாடே இல்லை. மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ஹெச்.பி.ஏ.1.சி. எடுத்ததில் 5.9 வந்தது. மாத்திரை எடுக்கும் 76 வயதுக்காரருக்கு இது தேவைக்கு மீறிய கட்டுப்பாடு.

முதியோருக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகளைத் தொகுக்கும் பியர்ஸ் அளவுகோல் 1991-இல் முதன்முதலில் வந்தபோது, அது பராமரிப்பு இல்லவாசிகளை மனதில் வைத்தே உருவாக்கப்பட்டது. கிளிபென்கிளமைடு அதில் நீண்ட காலமாகவே இருக்கிறது. 2023 திருத்தம் இந்த மருந்து வகையையே முதல் அல்லது இரண்டாம் தேர்வாக எடுக்க வேண்டாம் என்கிறது. எடுத்தே ஆக வேண்டுமென்றால் குறுகிய நேரம் வேலை செய்யும் கிளிபிசைடு பரவாயில்லை என்கிறது. இளையவருக்குக் கிளிபென்கிளமைடு அன்றே நிறுத்தப்பட்டது. மெட்ஃபார்மின் மட்டும் தொடர்ந்தது. காலை வேர்வை பிறகு வரவில்லை.

விசாரணை

நிர்வாகத்தின் முதல் எண்ணம் செவிலியரை வேலையிலிருந்து நீக்குவது. "பதினாலு மாசமா ஒரு தவறுகூட பதிவாகாத இடம் இது" என்று மேலாளர் வருத்தத்தோடு சொன்னார். பதிவேடு உண்மையிலேயே வெறுமையாக இருந்தது.

அந்த வெறுமைதான் எனக்குக் கவலை தந்தது. இங்கிலாந்தில் 55 பராமரிப்பு இல்லங்களில் 256 பேரை ஆராய்ந்து 2009-இல் வெளியான ஆய்வில், 178 பேருக்கு, அதாவது பத்தில் ஏழு பேருக்கு, எழுதுவதிலோ கொடுப்பதிலோ கண்காணிப்பதிலோ குறைந்தது ஒரு மருந்துத் தவறாவது இருந்தது. ஒருவருக்குச் சராசரியாக எட்டு மருந்துகள். அப்படியிருக்க, நாற்பது பேர் உள்ள இடத்தில் பதினான்கு மாதம் எதுவுமே நடக்கவில்லை என்பதைவிட, நடந்ததை யாரும் எழுதவில்லை என்பதே நம்பத்தகுந்தது.

ஊழியர்களிடம் தனித்தனியாக, பெயர் குறிக்காமல் பேசினோம். இதே இரண்டு பேரின் கிண்ணங்கள் முன்பும் மாறியிருக்கின்றன என்று இருவர் சொன்னார்கள். மூத்தவர் வந்த முதல் வாரத்திலேயே ஒருமுறை கிண்ணம் மாறி, வாய்வரை போய் நின்றிருக்கிறது. ஏன் எழுதவில்லை என்று கேட்டோம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு செவிலியர் தன் தவறைத் தானே எழுதிக்கொடுத்தபோது அவருக்கு மெமோவும் சம்பளப் பிடித்தமும் கிடைத்தன. அதைப் பார்த்த பிறகு யாரும் எழுதவில்லை. முதல் வாரத்தில் நின்றுபோன அந்தக் கிண்ணம் பதிவாகியிருந்தால், பெயர் மட்டும் எழுதிய மூடி அன்றே கேள்விக்குள்ளாகியிருக்கும்.

செவிலியரை நீக்கக் கூடாது என்று விசாரணைக் குழு சொன்னதன் காரணம் இரக்கம் மட்டும் அல்ல. மூத்தவர் பிழைத்ததற்கு முதல் காரணம், தவறு தெரிந்த ஐந்து நிமிடத்துக்குள் செவிலியர் வாய்திறந்ததுதான். அவரை அனுப்பினால் மற்ற எல்லோருக்கும் போகும் செய்தி ஒன்றே: தெரிந்தாலும் சொல்லாதே. நிர்வாகம் இரண்டு நாள் தயங்கிவிட்டு ஏற்றுக்கொண்டது.

சரியான நபர், சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்ற ஐந்தும் அந்தச் செவிலியருக்கு மனப்பாடம். ஆனால் பிரித்த மாத்திரையும் ஒரு பெயரும் மட்டும் கையில் இருக்கும்போது, அந்த ஐந்தில் நான்கைச் சரிபார்க்க வழியே இல்லை. அட்டை இல்லை, அட்டவணை இல்லை, படம் இல்லை. ஐந்தாவதான நபரையும், எதற்கும் தலையாட்டும் ஒருவரின் தலையாட்டலை நம்பித்தான் உறுதிசெய்ய வேண்டியிருந்தது.

குறுக்கீடுகளையும் கணக்கில் எடுத்தோம். சிட்னியின் மருத்துவமனைகளில் செவிலியர்கள் மருந்து கொடுப்பதை நேரில் கவனித்து 2010-இல் வெளியான ஆய்வில், ஒவ்வொரு குறுக்கீட்டுக்கும் தவறு நேரும் வாய்ப்பு சுமார் 12 சதவீதம் கூடியது. அன்று முதல் மாடியில், முதல் மாத்திரைக்கு முன்பே இரண்டு குறுக்கீடுகள்.

செய்த மாற்றங்கள்

கிண்ணத்தில் முன்கூட்டிப் பிரித்து வைப்பது முதலில் நிறுத்தப்பட்டது. அட்டவணை வண்டியிலேயே போகிறது, மாத்திரை ஆள் முன்னால் நின்று அட்டையிலிருந்து பிரிக்கப்படுகிறது, விழுங்கியதும் கையெழுத்து. இதனால் ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் கூடியது. அதைச் சமாளிக்க இன்னொன்று செய்ய வேண்டியிருந்தது. காலை எட்டு மணிக்கே கொடுத்தாக வேண்டிய மருந்துகள் எவை என்று மருத்துவரும் நானும் ஒவ்வோர் அட்டவணையாக உட்கார்ந்து பார்த்தோம். வைட்டமின், கால்சியம், நாளுக்கு ஒரு முறை எடுக்கும் பல மருந்துகள் மதியத்துக்கு நகர்ந்தன. சில மருந்துகள் இனி தேவையே இல்லை என்று நிறுத்தப்பட்டன. காலைச் சுமை நன்றாகவே குறைந்தது. பணியாளரைச் சேர்க்காமல் கிடைத்த இந்த நேரத்துக்காகவே, மற்ற இல்லங்களும் முதலில் இதைச் செய்து பார்க்கலாம் என்பேன்.

காலைச் சுற்று இரவுச் செவிலியரிடமிருந்து பகல் செவிலியருக்கு மாறியது, எட்டேகாலுக்குத் தொடங்குகிறது. பார்க்கின்சன் நோய்க்கான லெவோடோபா போல நேரம் தப்பக் கூடாதவற்றை மட்டும் இரவுச் செவிலியர் கொடுக்கிறார்.

அடையாளத்துக்குக் கைப்பட்டை கட்டலாம் என்ற யோசனையைப் பல குடும்பங்கள் ஏற்கவில்லை. வீடு என்று நினைத்து வாழும் இடத்தில் நோயாளி முத்திரை வேண்டாம் என்றார்கள். அதில் நியாயம் இருந்தது. எனவே அட்டவணையின் முதல் பக்கத்தில் பெரிய படம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். முன்பும் சில அட்டவணைகளில் படம் இருந்தது, ஆனால் மூத்தவருடையதில் எடுக்கவே இல்லை. பெயர் ஒன்றாக உள்ளவர்களின் அட்டவணையில் சிவப்புக் குறி. "நீங்கதானே இன்னார்?" என்று கேட்கக் கூடாது, "உங்க பேர் சொல்லுங்க" என்று கேட்க வேண்டும். பதில் சொல்ல முடியாதவர் என்றால் படத்தோடு, அவரை அறிந்த பராமரிப்பாளரும் உறுதிசெய்ய வேண்டும்.

மருந்து கொடுப்பவர் சிவப்பு ஏப்ரன் அணிந்தால் யாரும் தொந்தரவு செய்ய மாட்டார்கள் என்று நினைத்து அதையும் செய்துபார்த்தார்கள். பலிக்கவில்லை. மறதி நோயாளிகளுக்கு அது புரியவில்லை. செவிலியர்களுக்குப் புழுக்கமாக இருந்தது. தொலைபேசியை அந்த ஒரு மணி நேரம் பராமரிப்பாளர் ஒருவரிடம் கொடுத்துவிடுவதுதான் கைகொடுத்தது.

தவறுப் பதிவுக்கு ஒரு பக்கப் படிவம் வந்தது. எழுதியவர் மீது அதற்காக நடவடிக்கை இல்லை என்று நிர்வாகம் எழுத்தில் கொடுத்தது.

ஆறு மாதம் கழித்து

மூத்தவர் திரும்பி வந்த பிறகு ஒரு வாரம் எழுந்து நடக்கத் தயங்கினார். மூன்றாவது வாரத்தில் கைபிடித்து நடக்கும் பழைய நிலைக்கு வந்தார். பசி மட்டும் முன்புபோல் முழுமையாகத் திரும்பவில்லை. இதற்கும் அன்றைய நிகழ்வுக்கும் தொடர்பு உண்டா என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்பதை மருத்துவர் மகளிடமும் அப்படியே சொல்லியிருக்கிறார். அட்டவணையைப் பார்க்கும் உரிமை இப்போது எல்லாக் குடும்பங்களுக்கும் உண்டு. தன் தந்தைக்கு நிறுத்திய மருந்து இன்னும் பட்டியலில் இருப்பதை ஒரு மகன் அப்படித்தான் கண்டுபிடித்தார்.

தவறுப் பதிவுகள் முதல் மாதத்திலேயே வாரத்துக்குச் சில என்று வரத் தொடங்கின. நிலைமை மோசமாகிவிட்டதோ என்று மேலாளர் பதறினார். பெரும்பாலானவை வாய்க்குப் போகும் முன் நின்றவை. அவற்றில் பல, புதிய ஏற்பாடு இல்லாவிட்டால் நின்றிருக்காதவை. புதிதாகச் சேர்ந்த ஒரு செவிலியர், படத்துக்கும் முகத்துக்கும் பொருந்தாமல் தயங்கி நின்று, பராமரிப்பாளரைக் கூப்பிட்டுக் கேட்டதும் அதில் ஒன்று. மீண்டும் அறை மாறி உட்கார்ந்த வேறொருவர்.

இன்னும் மாற வேண்டியவை

படம் எடுப்பது சேர்க்கை நாளன்றே, முதல் மாத்திரைக்கு முன்பே நடக்க வேண்டும். இப்போதும் சில நாள் தள்ளிப்போகிறது. முதல் வாரங்களில்தான் ஊழியர்களுக்கு முகம் பழகியிருக்காது. தவறு நேரும் வாய்ப்பும் அப்போதுதான் அதிகம்.

பராமரிப்பாளர்களின் குறிப்பேடு மருத்துவர் வரும் நாளில் அவர் கைக்குப் போக வேண்டும். இது தொடங்கியிருக்கிறது, ஆனால் யாராவது நினைவூட்டினால்தான் நடக்கிறது.

வார இறுதி இரவுகள்தான் மீதமுள்ள பெரிய ஓட்டை. பகல் செவிலியர் விடுப்பு எடுக்கும் ஞாயிறுகளில் காலைச் சுற்று மறுபடி இரவுச் செவிலியர் தலையில் விழுகிறது. அப்படிப்பட்ட ஒரு நாளில் கிண்ணங்கள் திரும்பவும் மேசைக்கு வந்ததை ஊழியர் ஒருவரே படிவத்தில் எழுதியிருந்தார். இரண்டாவது இரவுச் செவிலியர் வேண்டும் என்ற பரிந்துரை நிர்வாகத்தின் முன் இருக்கிறது. முடிவு வரும்வரை, அத்தகைய ஞாயிறுகளில் நேரம் தப்பக் கூடாத மருந்துகளை மட்டும் கொடுத்துவிட்டு, மற்றவற்றை மாற்றுச் செவிலியர் வந்தபின் பத்து மணிக்குக் கொடுப்பது என்று மருத்துவர் எழுத்தில் அனுமதித்திருக்கிறார்.